பந்தியும் வகுப்பறையும்: காவிரிப் படுகையின் கல்வி நிலையங்களில் எளிய மாணவர்களின் இடம் (1854–1971)

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் எளிய குடும்பத்து மாணவர்கள் பெறும் இடத்தை மதிப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் சேர்க்கை, கட்டணம், தேர்ச்சி ஆகிய மூன்றையே அளவுகோல்களாகக் கொள்கின்றன. காவிரிப் படுகையின் கல்வி வரலாறு, நான்காவது அளவுகோல் ஒன்றையும் வேண்டி நிற்கிறது. மாணவர் எங்கே உண்டார், யாரோடு உண்டார், எங்கே உறங்கினார் என்பதே அது. கும்பகோணம் அரசினர் கல்லூரி, தஞ்சை மராட்டியர் சத்திரங்களைச் சார்ந்த விடுதிகள், சிதம்பரம் நந்தனார் கல்விக் கழகம் ஆகியவற்றை முன்வைத்து, படுகையில் கல்விக்கான உண்மையான வாயில் வகுப்பறையில் அன்றி உணவுப் பந்தியில் அமைந்திருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காவிரிப் படுகை, கும்பகோணம் கல்லூரி, சத்திரம், மாணவர் விடுதி, பண்ணையாள், ஆதிதிராவிடர் கல்வி

முன்னுரை

கல்வி நிலையத்தில் சேர்ந்துவிட்ட மாணவர் ஏன் இடையில் விலகுகிறார் என்ற வினாவுக்கு, வின்சென்ட் டின்டோ 1975இல் அளித்த விடை இன்றும் பலரால் எடுத்தாளப்படுகிறது. மாணவர் நிறுவனத்தோடு இரு வகையில் பிணைய வேண்டும். ஒன்று கல்விசார்ந்த பிணைப்பு, மற்றொன்று சமூகம் சார்ந்த பிணைப்பு. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் விலகும் வாய்ப்பு மிகும் என்பது அவர் கருத்து. அதற்கு முன்பே, 1964இல், பிரெஞ்சு அறிஞர்களான பியர் பூர்தியே, ழான் குளோத் பஸ்ரோன் ஆகிய இருவரும், பல்கலைக்கழகம் கற்பிக்காமலேயே எதிர்பார்க்கும் பழக்கவழக்கங்களையும் மொழியையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பரம்பரைச் சொத்தாகக் கொண்டுவருகின்றனர் என்று காட்டினர்.

இவ்விரு விளக்கங்களும் மேலைச் சமூகங்களை அடிப்படையாகக் கொண்டவை. சாதியால் அடுக்கப்பட்ட காவிரிப் படுகைக்கு இவற்றைப் பொருத்தும்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இங்குச் சமூகப் பிணைப்பு என்பது நட்போ நாகரிகமோ ஆவதற்கு முன், உண்ணும் உரிமையாகவும் தங்கும் உரிமையாகவும் இருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து கற்க வேண்டிய காலத்தில், சோறிட ஓர் இடமில்லாத மாணவருக்குச் சேர்க்கை என்பது பெயரளவில் மட்டுமே பொருளுடையது. இக்கருத்தே இக்கட்டுரையின் அடிப்படை.

நெல்லும் கல்லூரியும்

1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற கும்பகோணம் அரசினர் கல்வி நிலையம், 1867இல் கல்லூரியாக உயர்ந்தது. டபிள்யூ. ஏ. போர்ட்டர், தி. கோபாலராவ் ஆகியோரின் பணியால் அது பெற்ற புகழ், ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்ற பெயரை அதற்கு ஈட்டித் தந்தது. தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற பின் உ. வே. சாமிநாதையர் 1880இல் தமிழாசிரியராக அமர்ந்து, 1903 வரை பணியாற்றியதும் இங்கேதான்.

இக்கல்லூரி காவிரிக் கரையில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். நெல் விளையும் மண்ணின் நடுவே அது தழைத்தது தற்செயலன்று. கால்வாய்ப் பாசனத்தின் உபரி, மிராசுதார் குடும்பங்களின் கையில் பணமாகத் திரண்டது. நிலத்தில் இறங்கி உழைக்காத அக்கிரகாரத்துக் குடும்பங்கள், குத்தகையாகவும் வாரமாகவும் வந்த நெல்லைக் கொண்டு பிள்ளைகளைக் கும்பகோணத்தில் தங்கிப் படிக்க வைத்தன. படித்தவர்கள் அரசுப் பணிக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் சென்றனர். 1961–62இல் திருவையாற்றுக்கு அருகிலுள்ள ஊரொன்றை ‘ஸ்ரீபுரம்’ என்ற புனைபெயரால் ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், கல்வியும் நகர வேலையும் அக்கிரகாரத்தாரை நிலத்திலிருந்து எவ்வாறு வெளியே கொண்டுசென்றன என்பதைப் பதிவு செய்துள்ளார். ஆக, கல்லூரியின் வகுப்பறைக்கும் வயலுக்கும் இடையே பொருளாதாரத் தொடர்பு ஒன்று இருந்தது. ஆனால், அந்நெல்லை விளைவித்த பண்ணையாளின் பிள்ளைக்கு அதே வகுப்பறையோடு தொடர்பில்லை.

வறுமையும் ஆதரவும்: இராமானுசன் சான்று

கல்லூரியில் படித்த பிராமண மாணவர் அனைவரும் செல்வரல்லர். கணித மேதை சீனிவாச இராமானுசனின் தந்தை, துணிக்கடையில் மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் ஊதியம் பெற்ற எழுத்தர். 1904இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த இராமானுசன், கணிதத்தில் மூழ்கி ஆங்கிலத்தில் தவறியதால் அதை இழந்தார். ஒரு பருவக் கட்டணமே தந்தையின் ஒரு மாத ஊதியத்தை விஞ்சியது. 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து முயன்றும் எப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை.

இந்நிகழ்வு, வறிய மாணவரை உயர்கல்வி நிறுவனம் கைவிட்டதற்குச் சான்றாகவே வழக்கமாகக் கூறப்படுகிறது. அக்கூற்று தவறன்று, எனினும் முழுமையானதும் அன்று. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த இராமானுசனின் வீட்டில், வெளியூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் பணம் செலுத்தித் தங்கி உண்டனர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அவர்களிடமிருந்து கல்லூரிக் கணிதத்தை அவர் அறிந்துகொண்டார். 1903இல் அவர் கைக்கு வந்து அவர் வாழ்வையே மாற்றிய கார் என்பாரின் கணிதத் தொகுப்பும் கல்லூரி நூலகத்திலிருந்து பெறப்பட்டதே. கல்லூரியில் சேருமுன்பே கல்லூரி அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது எனலாம்.

தேர்வில் தவறிய பின்னும் இவ்வலை அறுந்துபோகவில்லை. கும்பகோணத்தில் அவருக்குக் கற்பித்து, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றிருந்த பி. வி. சேஷு ஐயர், அவரைப் பிறருக்கு அறிமுகம் செய்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்தார். வெளியூர் சென்று கற்ற வறிய பிராமண மாணவர்க்கு, நாளுக்கொரு வீடாக முறைவைத்து உணவளிக்கும் ‘வாரச் சாப்பாடு’ என்னும் வழக்கமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. பணமில்லாதவருக்கும் இலை விரிக்க ஒரு வீடு உண்டு என்பதே இதன் பொருள். வறுமை இருந்தது, உரிமையற்ற நிலை இல்லை.

1914இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றபோது இந்நிலை தலைகீழானது. உபகாரச் சம்பளம் போதிய அளவில் இருந்தது. அறிவுலகம் அவரை ஏற்றது. 1918இல் இராயல் கழக உறுப்பினராகவும் டிரினிட்டியின் பெல்லோவாகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், அக்கல்லூரியின் கூட்டு வாழ்வுக்கு மையமாக இருந்த உணவுக்கூடத்தில் அவர் உண்ணவில்லை. சைவ உணவைத் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். இங்கு அவர் விலக்கப்பட்டவரல்லர். சமய ஒழுக்கத்தால் தாமே விலகியவர். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எனினும் விளைவு நோக்கத் தக்கது. டின்டோவின் சொற்களில் கூறினால், கும்பகோணத்தில் சமூகப் பிணைப்பு இருந்தும் கல்விப் பிணைப்பு முறிந்தது. டிரினிட்டியில் கல்விப் பிணைப்பு இருந்தும் சமூகப் பிணைப்பு அமையவில்லை. இரண்டும் இல்லாதவரின் நிலை என்ன என்பதே அடுத்து எழும் வினா.

சத்திரத்துப் பந்தி

படுகையில் சோறும் கல்வியும் ஒரே இடத்தில் வழங்கப்பட்ட பழைய நிறுவனம் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் சாலையோரங்களில் நிறுவிய சத்திரங்களுள், இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் குறிப்பிடத்தக்கது. வழிப்போக்கர்க்கு உணவு, நோயாளர்க்கு மருந்து, மாணவர்க்குக் கல்வி என மூன்றும் அங்கு ஒருங்கே இருந்தன. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் காலப்போக்கில் தஞ்சை மாவட்டக் கழகத்தின் மேற்பார்வைக்குள் வந்தன. ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய இடங்களில் சத்திர வருவாயில் நடந்த இலவச மாணவர் விடுதிகள் பிராமண மாணவர்க்கே உரியனவாக இருந்தன. திருவையாற்றுக் கல்லூரி வடமொழிக் கல்விக்கே உரியதாய் இயங்கியது.

1920-களில் இந்நிலை மாறத் தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான சர் ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக இருந்தார். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவரான தமிழவேள் உமாமகேசுவரனார் அவருக்குத் துணைநின்றார். இருவர் முயற்சியால் சத்திர விடுதிகள் பிராமணரல்லாத மாணவர்க்கும் திறக்கப்பட்டன. திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பு இடம்பெற்றது. இவற்றுள் தமிழ் வகுப்பே வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. விடுதி திறக்கப்பட்டதும் அதற்கு இணையான மாற்றமே. ஒரு குறுநில வேளாண் குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதைவிட, பள்ளிக்கு அருகே மூன்று வேளை உணவு கிடைப்பது பெரிய வாயில்.

அதே ஆண்டுகளில் தமிழகம் முழுவதையும் உலுக்கிய சேரன்மாதேவி குருகுலச் சிக்கலும் பந்தியைப் பற்றியதே. வ. வே. சு. ஐயர் நடத்திய அத்தேசியக் கல்வி நிலையத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. 1924–25இல் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் இதனை எதிர்த்தனர். அங்கே யாருக்கும் சேர்க்கை மறுக்கப்படவில்லை.  இருந்தும், ஒரே பந்தியில் அமராதவர் ஒரே கல்வி நிலையத்தின் மாணவராகார் என்று எதிர்த்தவர்கள் உணர்ந்தனர். தஞ்சையின் சத்திர விடுதி மாற்றத்தைச் சேரன்மாதேவியோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் முழுப் பொருள் விளங்கும்.

பந்தி வேறுபாடு இந்து சமய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடுகளைக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் கடுமையாக எதிர்த்தனர். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை ஒழிக்கும் முயற்சிகளை எதிர்த்தவர். உடனமர்தல், உடனுண்ணல் ஆகியவற்றில் படுகைச் சமூகம் காட்டிய இறுக்கம், சமய மாற்றத்தாலும் எளிதில் தளரவில்லை.

சேரியும் மனைக்கட்டும்

சத்திர விடுதிகள் திறந்தது பிராமணரல்லாதார்க்கு என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். தஞ்சை மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராயிருந்த ஆதிதிராவிடரின் நிலை இம்மாற்றத்தால் உடனே மாறிவிடவில்லை. அவர்கள் முன் நின்ற தடை வேறு வகையானது. வயலில் உழைத்த பண்ணையாளின் குடிசை நின்ற மனை, பெரும்பாலும் மிராசுதாருடையது. பண்ணையை விட்டு விலகினால் மனையையும் விட்டு விலக நேரும். சிறுவர் மிராசுதாரின் மாடு மேய்ப்பதும் குடும்ப உழைப்பின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது ஒரு கூலியை இழப்பது மட்டுமன்று. குடியிருப்பையே இடருக்கு உள்ளாக்கும் செயலாகவும் ஆகக்கூடும். பள்ளி அக்கிரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருந்தால், அத்தெருவில் நடக்கும் உரிமையும் இல்லை.

சென்னை மாகாண அரசு 1920-ஐ ஒட்டி ஏற்படுத்திய தொழில் ஆணையர் துறை, பள்ளிகளையும் உபகாரச் சம்பளங்களையும் விடுதிகளையும் அமைத்ததோடு, தஞ்சைப் பகுதியில் மனைக்கட்டு வழங்கும் பணியையும் மேற்கொண்டது. கல்வியையும் மனையையும் ஒரே துறை கவனித்தது பொருத்தமே. படுகையில் இவை ஒரே சிக்கலின் இரு முகங்கள். 1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கம், சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டலையும் எதிர்த்துப் போராடியது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையை உழவுத் தொழிலாளர்க்கே உரிமையாக்கிய சட்டமும் வந்தன. இவை கல்வி வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆனால், சேரிச் சிறுவன் கல்லூரிக்குச் செல்லும் பாதையை எந்தக் கல்விச் சட்டத்துக்கும் குறையாமல் இவை அகலப்படுத்தின என்றே கருத வேண்டியுள்ளது.

நந்தனார் பெயரில் ஒரு பள்ளி

கொள்ளிடத்தின் வடகரையில் சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஆதிதிராவிட மாணவர்க்குத் தங்குமிடம், உணவு, கல்வி ஆகியவற்றை ஒருசேர அளித்த நிறுவனம் அது. நந்தனார் என்ற பெயர்த் தேர்வு கருதத் தக்கது. கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, சிதம்பரத்தின் எல்லையில் தயங்கி நின்ற அடியார் அவர். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், அவரைப் பண்ணையாளாகவே படைத்துப் படுகை மக்கள் நெஞ்சில் பதித்தது. எல்லையில் நிறுத்தப்பட்டவரின் பெயரை, உள்ளே அழைக்கும் பள்ளிக்குச் சூட்டினார் சகஜானந்தர்.

அதே ஊரில் 1920இல் தொடங்கப்பெற்ற மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஒரே ஊரில் இரு கல்வி நிலையங்கள் இவ்வாறு அமைந்தன. ஒன்று மாணவரின் தேர்ச்சியை முன்நிறுத்தியது. மற்றது, தேர்ச்சி பெறும் நிலைக்கு வருமுன் மாணவர் உயிர்வாழவும் மானத்தோடு உண்ணவும் வேண்டும் என்பதை முன்நிறுத்தியது. நந்தனார் பள்ளி போன்ற தனி விடுதிகள் பிரிவினையை நிலைநிறுத்தின என்ற விமர்சனம் எழக்கூடும். பொதுப் பந்தி மூடியிருந்த காலத்தில் தனிப் பந்தியே மாணவரைக் காத்தது என்பதையும் உடன்வைத்து அதனை எடைபோட வேண்டும்.

படுகையின் வட எல்லையில் உள்ள காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்த எல். இளையபெருமாளின் பள்ளி வாழ்வு இதற்குச் சான்று. அவர் படித்த பள்ளியில் ஆதிதிராவிட மாணவர்க்குத் தனித் தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது. அதனை அவர் உடைத்தார். வகுப்பறையில் அவர்க்கு இடமிருந்தது, பாடமும் ஒன்றே. பானை மட்டும் வேறு. தாம் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவரா அல்லரா என்பதை அப்பானையே அச்சிறுவனுக்கு உணர்த்தியது. அவரே 1952இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, பின்னர் 1965இல் நடுவணரசு அமைத்த தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சி பற்றிய குழுவின் தலைவரானார். 1969இல் வெளிவந்த அவ்வறிக்கை தீண்டாமையையும் கல்வியையும் ஒரே ஆய்வுப் பொருளாகக் கொண்டது. பானை உடைத்த மாணவருக்கு அவை இரண்டு பொருள்களாகத் தோன்றியிருக்க வழியில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கற்ற அண்ணல் அம்பேத்கரின் பட்டறிவும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தடையின்றிப் பழகிக் கற்ற அவர், 1917இல் பரோடாவுக்குப் பணியேற்க வந்தபோது தங்க ஓர் அறை கிடைக்காமல் தவித்தார்; பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். உயர்ந்த பட்டமும் அரசுப் பணியும் தங்குமிட உரிமையைப் பெற்றுத் தரவில்லை.

விடுதலைக்குப் பின்

1944இல் நடுவணரசு பட்டியல் சாதி மாணவர்க்கு உயர்கல்வி உபகாரச் சம்பளத்தைத் தொடங்கியது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கின் தீர்ப்பு வகுப்புவாரி ஒதுக்கீட்டைத் தகர்த்தபோது, அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதற்கு மாற்றாக வந்தது. தஞ்சையில் சரபோஜி அரசினர் கல்லூரி (1955), மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி (1955), பூண்டியில் புட்பம் கல்லூரி (1956) என அடுத்தடுத்துக் கல்லூரிகள் தோன்றின. கும்பகோணத்தை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறியது. கல்லூரி பேருந்துத் தொலைவுக்குள் வந்தது. வீட்டிலிருந்தே சென்று வரும் மாணவருக்குப் பந்திச் சிக்கல் ஓரளவு நீங்கியது. வெளியூர் செல்ல வேண்டியவர்க்கு ஆதிதிராவிடர் நல விடுதிகளே துணையாயின.

ஆயினும், 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் பெரும்பாலோர். மாவட்டத்தில் கல்லூரிகள் பெருகி ஒரு பத்தாண்டுக்கு மேலான பின்னரும், சேரிப் பிள்ளைகளின் உயிர்க்கே உறுதியில்லாதிருந்தது என்பதைக் கல்வி வரலாறு எழுதுவோர் ஒதுக்கிவிட இயலாது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காவிரிப் படுகையில் வறுமையும் விலக்கமும் ஒன்றல்ல. இராமானுசனைப் போன்ற வறிய மாணவர் கட்டணத்தில் தோற்றாலும், அவரை ஏந்திக்கொள்ள வீடுகளும் ஆசிரியர்களும் இருந்தனர். பண்ணையாளின் பிள்ளைக்கு அவ்வலை இல்லை. இரண்டாவது, நிறுவனங்கள் பல நேரங்களில் பாடத்தை முதலில் பொதுவாக்கின. பந்தியையும் பானையையும் இறுதியிலேயே பொதுவாக்கின. ஆகவே பிந்தியதே மாற்றத்தின் உண்மையான அளவுகோல். மூன்றாவது, மனை, கூலி, தெரு ஆகியவற்றில் நிகழ்ந்த போராட்டங்கள் கல்வி வரலாற்றின் புறச்சூழல் அல்ல, அதன் உட்பகுதி.

இவற்றை மேலும் துலக்கும் மூலங்கள் படுகையிலேயே உள்ளன. சரசுவதி மகால் நூலகத்தின் மோடி ஆவணங்களில் காணப்படும் சத்திரக் கணக்குகள், மாவட்டக் கழகத்தின் விடுதிப் பதிவுகள், ஆதிதிராவிடர் நல விடுதிகளின் உணவுக் கணக்குகள் ஆகியவை இதுவரை பெரிதும் பொருளியல், நிருவாக நோக்கிலேயே பார்க்கப்பட்டுள்ளன. யாருக்கு எத்தனை படி அரிசி, யாருக்கு எந்தப் பந்தி என்ற வினாக்களோடு அவற்றைப் படிப்பின், சேர்க்கைப் பதிவேடு சொல்லாத செய்திகளை அவை சொல்லும். 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்புக்கான நெறிமுறைகளை வெளியிட்டபோதும் விடுதியும் உணவுக்கூடமும் கவனத்திற்குரிய இடங்களாக நீடித்தன. ஓர் உயர்கல்வி நிறுவனம் எளிய மாணவரை ஏற்றுள்ளதா என்று அறிய விரும்புவோர், அதன் சேர்க்கைப் பட்டியலோடு உணவுக்கூடத்தையும் காண வேண்டும் என்பதே காவிரிப் படுகையின் நூறாண்டு வரலாறு தரும் ஆய்வு நெறி.